ஸ்கேஃபோல்டிங்: ஊன்றுகோல் அன்று, சாரக்கட்டு

குழந்தைகள் கற்கும் முறை பற்றிய பாடத்தில், கற்பவர் தேறத் தேறக் குறைத்துக்கொண்டே போகும் உதவியைக் குறிக்க வரும் ‘ஸ்கேஃபோல்டிங்’ என்னும் கலைச்சொல்லை ‘ஊன்றுகோல்’ என்று தமிழாக்குவதை மதுரை வட்டாரத்து ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் தொடர்ந்து கேட்டு வருகிறேன். சென்ற மாதமும் ஒரு பயிலரங்கில் ‘ஊன்றுகோல் கற்பித்தல்’ என்று பலகையில் எழுதிப் பாடம் நடத்தினார்கள். சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கருத்தை அது நேர் எதிராகத் திருப்பிவிடுகிறது என்பதால் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல் மேடையையும், கட்டட வேலைக்காகக் கட்டப்படும் சாரத்தையும் குறிக்கும். கல்வி உளவியலில் இதை நிலைநிறுத்தியவர்கள் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவர், ஆண்டு 1976. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியின் சொல் என்று நம் குறிப்பேடுகள் எழுதுவது தவறு. அவர் 1934ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். பெரியவர் துணையோடு குழந்தை எட்டக்கூடிய வளர்ச்சி பற்றிய அவருடைய கருத்தோடு இது பொருந்தி வந்ததால் பிற்காலத்தார் இரண்டையும் இணைத்துப் பேசினார்கள்.

அந்த மூவரும் செய்த ஆய்வைச் சொல்லாமல் சொல்லை எடைபோட முடியாது. மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் முப்பது பேரிடம் ஒன்றோடொன்று பொருந்தும் 21 மரக்கட்டைகளைக் கொடுத்து, ஒரு பிரமிடு வடிவத்தைக் கட்டச் சொன்னார்கள். கற்பிப்பவர் குழந்தையைத் தானே செய்ய விடுவார். தடுமாறினால் உதவியைக் கூட்டுவார், வெற்றி பெற்றால் குறைப்பார். மூன்று வயதினரை வேலைக்குள் இழுத்து வருவதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. நான்கு வயதினருக்குத் தூண்டுதலும் திருத்தமும் தேவைப்பட்டன. ஐந்து வயதினரோ தாம் செய்தது சரிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள மட்டுமே அவரை நாடினார்கள். குழந்தையின் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட பகுதியைப் பெரியவர் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு, அதனால் இயன்ற பகுதியை மட்டும் அதனிடம் விடுவதும், அது தேறத் தேறத் தாம் விலகிக்கொள்வதுமே இந்தக் கலைச்சொல்லின் உயிர்.

இதை விளங்கிக்கொள்ள மரக்கட்டைகள் வேண்டியதில்லை. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பூக்கட்டும் அப்பத்தா பேத்திக்குத் தொடுக்கக் கற்றுத் தரும் முறையே போதும். முதலில் மல்லிகை மொட்டுகளை இணை இணையாக அடுக்கி, அப்பத்தாவே பிடித்துக்கொள்வார். நாரைச் சுற்றி முடிச்சு இழுப்பது மட்டும் பிள்ளையின் வேலை. முடிச்சு நழுவாமல் விழத் தொடங்கியதும் மொட்டு அடுக்கும் வேலையும் பிள்ளையின் கைக்கு வரும். பிறகு நெருக்கம் குறைந்த இடத்தில் ‘இங்கே சீத்துவமா இல்லை, பாரு’ என்ற ஒரு சொல் மட்டும் வரும். கடைசியில் அதுவும் வராது.

இப்போது ஊன்றுகோலைப் பார்ப்போம். இதை ஆதரிப்பவர்கள் திருக்குறளைத் துணைக்கு அழைக்கிறார்கள். ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே ஒழுக்க முடையார்வாய்ச் சொல்’ என்பது கேள்வி அதிகாரத்தில் வரும் 415ஆம் குறள். கற்றல் தொடர்பான அதிகாரத்திலேயே ஊன்றுகோல் வருகிறதே, இதைவிடத் தூய சான்று வேண்டுமா என்று கேட்கிறார்கள். குறளின் மேல் எனக்குள்ள மதிப்பினாலேயே இதை மறுக்கிறேன். வழுக்கும் நிலத்தில் நடப்பவனுக்குத் துணையாகும் கோலை வள்ளுவர் பேசுகிறார். சான்றோர் சொல் வாழ்நாள் முழுதும் உடன் வரவேண்டிய துணை, அதைக் கழற்றி வைக்கும் நாளை அவர் கருதவே இல்லை. நம் கலைச்சொல்லோ கழற்றி வைப்பதற்காகவே ஏற்பட்டது. மேலும், கோல் ஊன்றுபவனின் கையில் இருக்கிறது. எப்போது ஊன்றுவது, எங்கே ஊன்றுவது என்பதை அவனே தீர்மானிக்கிறான். இங்கே உதவியின் அளவைப் பார்த்துப் பார்த்துக் கூட்டியும் குறைத்தும் தருபவர் மற்றொருவர். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றைய தமிழில் ஊன்றுகோல் என்றால் முதுமையும் உடற்குறையும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தையை நலிந்தவராகக் காட்டும் சொல்லைப் பயிற்சி ஆசிரியரின் மனத்தில் விதைத்தால், ‘மெல்லக் கற்கும் மாணவருக்கு மட்டும் உரிய முறை’ என்று அவர் புரிந்துகொள்கிறார். தேர்வுத் தாள்களில் அப்படியே எழுதியும் வைக்கிறார்கள்.

‘முட்டு’ என்னும் சொல்லையும் சிலர் முன்வைக்கிறார்கள். கான்கிரீட் தளத்துக்கு அடியில் கொடுக்கும் முட்டு, தளம் இறுகும்வரை அதன் எடையைச் சுமந்து நின்று, இறுகியதும் எடுக்கப்படுகிறது. ஊன்றுகோலை விட இது நெருங்கி வருகிறது. ஆனால் முட்டு சுமக்கும்போது தளம் வெறுமனே கிடக்கிறது; கற்கும் குழந்தை அப்படிக் கிடப்பதில்லை, அதுவே கட்டுகிறது. ‘முட்டுக் கொடுத்தல்’ என்பது அரசியல் பேச்சில் தவறு செய்தவருக்குப் பரிந்து பேசுவதையும் குறிக்கத் தொடங்கிவிட்டதால் வகுப்பறைக்கு அது ஆகாது.

கொத்தனார்கள் வாயில் வழங்கும் சாரத்தை ஏன் தள்ளிவைக்க வேண்டும்? மீனாட்சியம்மன் கோவில் தெற்குக் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 170 அடி. 2009 குடமுழுக்குக்கு முன் கோபுரங்களில் சாரம் கட்டி வேலை நடந்ததைப் பார்த்த மதுரைக்காரருக்கு இச்சொல்லை யாரும் விளக்கத் தேவையில்லை. கை எட்டாத இடத்தில் நின்று வேலை செய்ய வழி தருவது சாரம். வேலையைச் செய்வது அதன்மேல் நிற்பவர். பூச்சும் வண்ணமும் மேலிருந்து கீழே முடிந்து வர வர, அதுவும் மேலிருந்து கீழே பிரிக்கப்படுகிறது. உதவி படிப்படியாகக் குறைவதற்கு இப்போது ‘மங்குதல்’ என்று எழுதுகிறார்களே, அதற்குப் பதிலாகச் ‘சாரம் பிரித்தல்’ என்று எழுதினால் ஒரே படிமத்திலிருந்து இரண்டு கலைச்சொற்களும் கிடைத்துவிடும்.

சாரம் வடசொல் என்று மறுப்பவர்கள் உண்டு. பிழிவு, உட்பொருள் என்னும் பொருளில் வரும் சாரம் வடசொல்தான். கட்டடத்தைச் சார்ந்து நிற்கும் இந்தச் சாரத்தைச் ‘சார்’ என்னும் வினையடியோடு சேர்த்துப் பார்ப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நெல்லைப் பக்கம் இடுப்பில் கட்டும் கைலியும் சாரம்தான். அது வேறொரு சொல். ஒலி ஒத்திருப்பதால் குழப்பம் நேரும் என்பதை மட்டும் நான் ஏற்கிறேன். ‘கற்றலில் சாரம்’ என்று தலைப்பிட்டால் கற்றலின் பிழிவு என்றே எவரும் படிப்பார். ஆகவே பெயராக வரும் இடத்தில் ‘சாரக்கட்டு’ என்றும், வினையாக வரும் இடத்தில் ‘சாரம் கட்டுதல்’, ‘சாரம் பிரித்தல்’ என்றும் எழுதலாம்.

அகராதியில் கண்ட முதற்பொருளையோ இலக்கியத்தில் கண்ட இனிய சொல்லையோ எடுத்து ஒட்டிவிட்டு, அது பாடத்தில் என்ன வேலை செய்கிறது என்று பாராத மொழிபெயர்ப்பாளர்களே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். வைகாட்ஸ்கியின் தலைமைக் கருத்துக்கும் இதே நிலை நேர்ந்திருக்கிறது. தனியாக இன்று செய்ய முடியாததை, பெரியவர் துணையோடு செய்ய முடிகிற எல்லையை அவர் பேசினார்; அவருடைய ரஷ்ய மூலச்சொல்லுக்கு மிக அருகில் உள்ள, அடுத்து வரவிருக்கிற வளர்ச்சி என்பதே பொருள். அதை ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ என்று எழுதுகிறோம். ‘அண்மையில் நடந்தது’ என்று நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கும் மாணவர், அண்மை வளர்ச்சி என்றால் சமீபத்தில் முடிந்த வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. வரப்போவது வந்து முடிந்ததாக மாறிவிடுகிறது. ‘அடுத்து எட்டும் வளர்ச்சி எல்லை’ என்று எழுதலாம். நீளம் என்பார்கள், ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ என்பதைவிட ஒரே ஒரு சொல்தான் கூடுதல்.