நூல் கிண்ணம் எப்படி நிற்கிறது?

தண்ணீரில் கரையும் படலத்தின் மேல் நூலால் தைத்து, பிறகு படலத்தைக் கரைத்துச் செய்வதுதான் நூல் கிண்ணம். அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அடியில் துணி கிடையாது, தைத்த நூல் மட்டும்தான். தைக்கும்போது அடியில் இருந்த பாலிவினைல் ஆல்கஹால் படலம் பெரும்பாலும் தண்ணீரோடு போய்விட்டது. போகாமல் நூலில் ஒட்டி நின்ற மிச்சம்தான் கிண்ணத்தை விறைப்பாக நிறுத்துகிறது. நெசவாலைகளில் பாவு நூலுக்கு (நீளவாட்டு நூல்)க் கஞ்சி போடவும் இந்தப் பொருள் பயன்படுகிறது. இங்கேயும் நடப்பது கஞ்சி வேலைதான்.

கரைக்கும் உத்தி பழையது. 1880களில் ஜெர்மனியின் பிளாவன் பகுதியிலும் சுவிட்சர்லாந்தின் சான்க்ட் காலனிலும் பட்டுத் துணியில் பருத்தி நூலால் பூவேலை செய்து, காரத்தில் பட்டுத் துணியை மட்டும் கரைத்து லேஸ் எடுத்தார்கள். பட்டு புரதம், காரத்துக்குத் தாங்காது. பருத்தி தாங்கும். பாலிவினைல் ஆல்கஹால் 1924இல் வந்தது. பின்னாளில் அதன் படலம் புழக்கத்துக்கு வந்ததும் காரம் தேவைப்படவில்லை. அதன் மூலப்பொருளான பாலிவினைல் அசிடேட்டில் உள்ள அசிடேட் தொகுதிகளைச் சுமார் 88 சதவீதம் நீக்கினால் பச்சைத் தண்ணீரிலேயே கரையும் வகை கிடைக்கும். எஞ்சிய அசிடேட்டுகள் மூலக்கூறுச் சங்கிலிகளை நெருங்கி அடுக்கவிடாததால் நீர் எளிதில் புகுகிறது. 98 சதவீதத்துக்கு மேல் நீக்கியதற்கு வெந்நீர் வேண்டும். கடையில் எது என்று கேட்டு வாங்குங்கள்.

முதல் சிக்கல் கணக்கில் இருக்கிறது. 12 செ.மீ. வாயுள்ள அரைக்கோளக் கிண்ணத்தின் முதுகில், நடுவிலிருந்து விளிம்புவரை டேப் வைத்தால் 9.4 செ.மீ. அதை ஆரமாகக் கொண்ட தட்டையான வட்டத்தின் சுற்றளவு 59 செ.மீ. கிண்ண வாயின் சுற்றளவோ 38 செ.மீ.தான். மிச்சமான 21 செ.மீ. கொசுவமாகத்தான் விழும். அதே வாய்க்கு ஆழம் 2.5 செ.மீ. மட்டும் என்றால் மிச்சம் வெறும் 4 செ.மீ. அதை வலைப்பின்னலே ஏற்றுக்கொள்ளும். சதுரக் கண்கள் மீன்வலைபோல் சாய்சதுரமாகிவிடும். முதல் கிண்ணத்தை ஆழமில்லாமலே செய்யுங்கள்.

20 செ.மீ. எம்ப்ராய்டரி வளையத்தில் படலத்தை இரண்டடுக்காக, தட்டினால் சத்தம் வருமளவு இறுக்கிப் பூட்டவும். 15 செ.மீ. வட்டம் வரையவும். தைக்கத் தைக்கச் சற்றுச் சுருங்கும். தையல் இயந்திரத்தில் துணியை நகர்த்தும் பல்லை இறக்கி, எம்ப்ராய்டரி பாதம் மாட்டி, 75 அல்லது 80 எண் ஊசி போடவும். இரண்டு பக்கமும் வெளியே தெரிவதால் பாபினிலும் (அடிநூல் உருளை) மேல்நூலின் நிறமே இருக்கட்டும். பாத நெம்புகோலை இறக்க மறந்தால் அடியில் நூல் கூடு கட்டும்.

ஒரு செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொரு கோட்டையும் இருமுறை தைக்கவும். அதன்மேல் ஒன்றையொன்று வெட்டும் சிறு வட்டங்கள் போட்டு, கடைசியில் விளிம்புக்கு ஜிக்ஜாக். அழகான சுருளைத் தனியே போட்டால், படலம் போனதும் அது வெறும் நூலாகத் தொங்கும். எந்தத் தையலும் வேறு இரண்டைத் தொட்டாக வேண்டும். ஒரே இடத்தில் நெருக்கிக் குத்தினால் படலம் தபால்தலைத் தாள் மாதிரி கிழியும். அடியில் இன்னொரு படலத் துண்டு வைத்துத் தொடரலாம். ஈரக்கையால் தொடவே கூடாது.

சுற்றியுள்ள படலத்தை வெட்டிவிட்டு, அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் போடவும். முதலில் சுருங்கி, பிறகு கூழாகும். எத்தனை நிமிடம் என்பது படலத்தின் தடிமனைப் பொறுத்தது, ஆகவே விரலை நம்புங்கள். நறுக்கிய வெண்டைக்காய்போல் வழவழத்தால் எடுத்துவிட வேண்டும். வழவழப்பு முழுக்கப் போனால் விறைப்பும் போயிற்று. வலைக் கண்களில் சவ்வு தங்கியிருந்தால் ஊசியால் குத்தி எடுக்கலாம்.

அச்சாகக் கவிழ்த்த சாதாரணக் கிண்ணத்தில் பாலித்தீன் சுற்றி (இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும்), நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவிவிட்டு ஓரிரவு காயவிடவும்.

மழைக்காலத்தில் காற்றின் ஈரம் சங்கிலிகளுக்கிடையே புகுந்து விளிம்பு தொய்யும். ஜிக்ஜாக் போடும்போதே மெல்லிய செம்புக் கம்பியை உள்ளே வைத்துத் தைத்தால் தொய்வு குறையும். தொய்ந்துவிட்டாலும், அதிகம் அலசிவிட்டாலும் வைத்தியம் ஒன்றே: வெட்டி மிஞ்சிய படலத் துண்டுகளைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, தூரிகையால் தடவி, மறுபடி அச்சில் ஏற்றிக் காயவைப்பது. அந்தத் துண்டுகளைக் காற்றுப் புகாத பையில் போட்டுவைத்திருந்தால் கைகொடுக்கும்.