மூன்று நாழிகையா, மூன்று மணியா?

ஆழியாறு அணையில் திறந்துவிடும் தண்ணீர் மணக்கடவு தாண்டி மூலத்தறைக்கு வந்து, கால்வாய் வழியாகக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வயல்களை எட்டுகிறது. முறைத் தண்ணீருக்காக மடையில் நிற்பவர் மனத்தில் ஒரு கணக்கு இருக்கும்: இவ்வளவு நேரத்துக்குள் வரவில்லையென்றால் மேலே எங்கோ அடைப்பு, மண்வெட்டியோடு கிளம்ப வேண்டியதுதான். ஒரு நாழிகை 24 நிமிடம்; 'மூன்று நாழிகை பார்' என்று தாத்தா சொன்னதைப் பேரன் மூன்று மணி என்று கொண்டால், 72 நிமிடம் 180 ஆகிவிடும். தண்ணீர் ஒழுங்காக வரும் நாளில் இந்தத் தவறு யார் கண்ணிலும் படாது.

கணினியில் மறையாக்கச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப்பின் டிரைவரிலும், அதாவது சிப்போடு பேசும் மென்பொருளிலும், இதே தவறு நேரலாம். டிரைவர் கட்டளையை எழுதிவிட்டு, 'தயாரா?' என்று சிப்பின் நிலைப் பதிவேட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. சிப் தன் வரம்புகளைச் சொல்லாதபோது கொள்ள வேண்டிய காத்திருப்பு வரம்புகள் நான்கு. டிபிஎம் 1.2 விதிமுறையில் மூன்றுக்கு 750 மில்லி விநாடி, ஒன்றுக்கு 2 விநாடி.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலோ நேரத்தை 'ஜிஃபி' என்ற துடிப்புகளால் எண்ணுகிறது. மில்லி விநாடிக்கான 750-ஐ மாற்றாமல் அப்படியே துடிப்பாக டிரைவரில் எழுதிவிடுவதுதான் அந்தத் தவறு. விநாடிக்கு 1000 துடிப்பு என்று அமைத்த கணினியில் 750 துடிப்பும் 750 மில்லி விநாடியும் ஒன்றே. எழுதியவரின் மேசையில் எல்லாம் சரியாக ஓடும். 250 துடிப்புள்ள கணினியில் அதே எண் 3 விநாடி. 100 என்றால் ஏழரை விநாடி! 2 விநாடி வரம்பு 20 ஆகிறது. நல்ல சிப் உடனே பதில் தருவதால் வரம்பை யாரும் தொடுவதில்லை. சிப் செயலிழந்த அன்றுதான், ஒவ்வொரு காத்திருப்பும் கூடிக் கூடி, கணினி தொடங்கவே திணறுகிறது. மில்லி விநாடியைத் துடிப்பாக மாற்றும் வசதி கெர்னலிலேயே இருக்கிறது. எண்ணை அதன் வழியே அனுப்பினால் போதும். திருத்தம் ஒரு வரிதான்.

நீளமான வரம்பு பாதுகாப்பானது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. அது பழுதை மறைக்கிறது. அதற்காக எல்லாவற்றையும் வெட்டிவிடவும் முடியாது. ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறைக்குச் சாவி உருவாக்க, சிப் பெரிய பகா எண்களைத் தேட வேண்டும். எப்போது அகப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. அதனால் டிபிஎம் 2.0-இல் சாவி உருவாக்கும் கட்டளைக்கு லினக்ஸ் நீண்ட நேரம் பொறுக்கிறது.

அலகுக் குழப்பம் சிப்பின் பக்கமும் உண்டு. தன் வரம்புகளை மைக்ரோ விநாடியில் சொல்ல வேண்டிய 1.2 சிப்கள் சில, மில்லி விநாடியில் சொல்லிவிடுகின்றன. முதல் எண் 1000-க்குக் கீழே இருந்தால் லினக்ஸ் அதைப் புரிந்துகொண்டு, 1000-ஆல் பெருக்கிக்கொள்கிறது.