கை போகும் முன்னே கண் போகும்

வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா காட்டும் திரையைப் பார்த்தபடி செய்யும் அறுவை சிகிச்சைதான் லேப்ராஸ்கோபி. அதைப் பழகும் மேசையில் ஒரு பெட்டி இருக்கும். மூடியிலுள்ள துளைகள் வழியாக இரண்டு நீண்ட இடுக்கிகளை உள்ளே விட்டு, எதிரே இருக்கும் திரையைப் பார்த்தபடியே வேலை செய்ய வேண்டும். முளைகளில் மாட்டியிருக்கும் ஆறு சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாக இடது இடுக்கியால் எடுத்து, அந்தரத்தில் வலது இடுக்கிக்குக் கைமாற்றி, எதிர்ப்பக்க முளையில் மாட்ட வேண்டும். கேட்கச் சுலபம்தான். ஆனால் கை வலப்பக்கம் போனால் இடுக்கி நுனி இடப்பக்கம் போகும், ஏனென்றால் துளையில் இடுக்கி சீசா பலகை போலத் திரும்புகிறது. திரை தட்டையானது, அதில் ஆழமும் பிடிபடாது. முதல் நாள் மாணவரின் இடுக்கி துண்டுக்கு முன்னும் பின்னும் காற்றைத்தான் கவ்வும்.

எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை துண்டு விழுந்தது என்று எண்ணி மதிப்பெண் போட்டுவிடலாம். ஏன் தடுமாறினார் என்பது அந்த எண்ணில் இருக்காது. அதைக் கண்ணிடம்தான் கேட்க வேண்டும். கண் எங்கே பார்க்கிறது என்று பதிவு செய்யும் கருவிகள் அதற்கு இருக்கின்றன.

கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கணினியில் உருவாக்கிய லேப்ராஸ்கோபிப் பயிற்சியில், கருவி நுனியால் ஒரு சிறிய இலக்கைத் தொட வேண்டும். அனுபவசாலிகளின் பார்வை பெரும்பாலும் இலக்கிலேயே நின்றது. புதியவர்களோ கருவி எங்கே போகிறது என்று அதன் பின்னாலேயே பார்வையை அனுப்ப வேண்டியிருந்தது. சைக்கிள் பழகும் பிள்ளையிடம் "டயரைப் பார்க்காதே, ரோட்டைப் பார்" என்று அண்ணன் பின்னாலிருந்து கத்துவாரே, அதே விஷயம்தான். பழகிய கைக்கு நுனி எங்கே இருக்கிறதென்று மூளையே கணித்துச் சொல்லிவிடும். கண் அடுத்த வேலைக்குப் போய்விடலாம்.

கண் எங்கே பார்க்கிறது என்பதை இந்தப் பார்வைப் பதிவுக் கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது? கைநீட்டிப் பார்த்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுக்குத்தான் நமக்குக் கூர்மையான பார்வை. அதனால் விநாடிக்குச் சுமார் மூன்று முறை கண் இடம் மாறுகிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விழிமேல் அடித்தால், கருவிழிப் பரப்பில் ஒரு சிறு மினுக்கம் விழும். விழி திரும்பும்போது கண்பாவை நன்றாக நகரும், மினுக்கம் அவ்வளவாக நகராது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் திசையையும் கேமரா அளக்கிறது. தொடங்கும் முன் சில புள்ளிகளைப் பார்க்கச் சொல்லி, எந்த இடைவெளி திரையின் எந்த இடத்தைக் குறிக்கும் என்று அதற்குப் பழக்கிவிடுகிறார்கள்.

நல்ல கருவியிலும் அரை பாகை, ஒரு பாகை பிழை இருக்கும். 60 சென்டிமீட்டர் தள்ளியுள்ள திரையில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். இடுக்கி நுனி துண்டை நெருங்கிய பிறகு, மாணவர் பார்ப்பது நுனியையா துண்டையா என்று பிரித்துச் சொல்வது கடினம். மூக்குக்கண்ணாடி போல மாட்டிக்கொள்ளும் கருவி என்றால், அது மூக்கில் கொஞ்சம் சரிந்தாலும் கணக்கு தப்பும். மனச்சுமை கூடினால் கண்பாவை விரியும் என்பதும் உண்மை, ஆனால் திரை இருண்டாலும் அது விரியும். அந்த அளவை மட்டும் நம்பி ஒரு மாணவர் திணறுகிறார் என்று எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

மதிப்பெண் போடுவதைவிட, பார்வையையே பாடமாக்கலாம் என்பதுதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் வில்சன் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமில்லாத 30 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நிபுணரின் பார்வை எங்கெங்கே நின்றது என்று காட்டினார்கள், இன்னொன்றுக்குக் கருவிகளின் அசைவை. மூன்றாவது பிரிவு தானாகவே பழகியது. பார்வையைப் பழகியவர்களே வேகமாகக் கற்றார்கள். ஒலிகளை எண்ணிக்கொண்டே வேலை செய்யச் சொன்னபோதும் அவர்கள்தான் தாக்குப்பிடித்தார்கள்.

ஆனாலும் கண் பட்டதெல்லாம் மனதில் பட்டதாகாது. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் ஸ்கேன்களைக் கொடுத்து, கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். ஒன்றில் கொரில்லா படத்தை ஒட்டியிருந்தார்கள், சராசரிக் கட்டியைப் போல 48 மடங்கு பெரிது. 20 பேர் அதைக் கவனிக்கவே இல்லை. அந்த 20 பேரில் 12 பேரின் பார்வை நேராகக் கொரில்லா மேலேயே விழுந்திருந்ததைக் கருவி பதிவு செய்திருந்தது.

அதனால்தான், பயிற்சி முடிந்ததும் பார்வைப் புள்ளி ஓடும் வீடியோவை மாணவரோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்கும் ஆசிரியர்களை எனக்குப் பிடிக்கிறது. புள்ளி தயங்கி நின்ற இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு, "இங்கே உனக்கு என்ன தெரிந்தது?" என்று கேட்கலாம்.