ஆபர்ன் கூந்தல் செம்பட்டை அல்ல

போன வாரமும் ஒரு மொழிபெயர்ப்புக் கதையில் கண்ணில் பட்டது. விருந்துக்கு வந்த சீமாட்டி தலையைத் திருப்புகிறாள், "அவளது செம்பட்டை முடி விளக்கொளியில் பளபளத்தது." மூலத்தை எடுத்துப் பார்த்தேன். 'ஆபர்ன்' (auburn) என்று இருந்தது, முடியின் நிறத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொல். செம்பட்டை எங்காவது பளபளக்குமா?

ஆபர்னின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'ஆல்புஸ்' என்றால் வெள்ளை. ஆல்பம் என்ற சொல்லும் அதன் வழி வந்ததே. அதிலிருந்து 'அல்புர்னுஸ்', வெண்மை படர்ந்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது வெளிர்மஞ்சள் முடியைத்தான் குறித்தது. 'அப்ரூன்', 'அப்ரவுன்' என்று எழுதப்போய் உள்ளே 'பிரவுன்' கேட்கத் தொடங்கியது. பொருளும் அந்தப் பக்கம் சாய்ந்தது. இன்று அது சிவப்போடிய பழுப்பு.

செம்பட்டையோ நம் ஊரில் வெறும் நிறப்பெயர் இல்லை, ஒரு குறை. "எண்ணெயே வைக்காம தலை செம்பட்டை பாஞ்சு கிடக்கு பாரு" என்று சொல்லி, அம்மா சீப்போடு பிடித்து உட்கார வைப்பாள். வெயிலில் வெளுத்து, நுனி வறண்ட முடி அது. புரதம் போதாத குழந்தைகளுக்கு வரும் குவாஷியோர்கர் நோயிலும் கருமுடி இப்படி நிறம் இழக்கும். ஆபர்ன் இழந்த நிறமே அல்ல. கருநிறமியோடு செந்நிறமியும் சேர்ந்து பிறவியிலேயே அமைவது. பராமரிப்பில்லாத தலைக்குரிய சொல்லை அழகியின் கூந்தலுக்குச் சூட்டினால், வாசகர் மனத்தில் அவள் பரட்டைத் தலையோடுதான் நிற்பாள். அகராதியில் 'செம்' என்று தொடங்கியதும் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல்லை வீட்டில் யார், யாரைப் பார்த்து, எந்தக் குரலில் சொல்வார்கள் என்று ஒரு நொடி நினைப்பதில்லை.

'செம்பு நிறம்' என்பாரும் உண்டு. செம்பு இன்னும் சிவந்தது. அது ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்' எனப்படும் ஆரஞ்சு கலந்த செம்முடிக்குப் பொருந்தும். இலங்கைத் தமிழில் பழுப்புக்குக் கபிலம் என்பார்கள். அங்கே செங்கபிலம் தெளிவாகவே புரியும். இங்கே செம்பழுப்பு போதும்.

"பழுப்பு என்றால் உதிரப்போகும் இலைதானே?" என்று ஒரு நண்பர் மறுத்தார். ஆமாம், பழுத்து மஞ்சளான இலையின் நிறமாக இருந்ததுதான் பழுப்பு. வெளிர்மஞ்சளில் தொடங்கிய ஆபர்னைப் போலவே அதுவும் 'பிரவுன்' வரைக்கும் நடந்து வந்திருக்கிறது.