இரண்டாவது வெள்ளிப் பென்னி கிடைத்த நாளே கெடு ஓடத் தொடங்கும்

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரோடு வயலில் இறங்குகிறவர்களுக்கு 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் எதிரி அல்ல. முறையாகச் சொன்னவருக்குப் பணம் தரும் சட்டம்தான். ஆனாலும் நேர்மையான ஆட்களே அதில் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

சுத்தியலால் அடித்து அச்சிட்ட பழைய வெள்ளிக் காசான பென்னி ஒன்று தனியாகக் கிடைத்தால் பொதுவாக அது புதையல் ஆகாது. 300 ஆண்டு பழைய, 10 சதவீதமாவது வெள்ளியோ தங்கமோ கலந்த காசுகள் ஒரே புதைப்பைச் சேர்ந்தவை என்றால் இரண்டே போதும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே புதைப்பு என்றால் ஒரே நாள், ஒரே குழி என்று நினைத்துவிடுகிறார்கள். கலப்பை ஒரு பானைக் காசை வயல் முழுக்க இழுத்துப் போட்டிருக்கும். போன மாதம் 13-ஆம் நூற்றாண்டு மன்னர் மூன்றாம் ஹென்றியின் நீள்சிலுவைப் பென்னி (பின்பக்கம் விளிம்பு வரை நீண்ட சிலுவை உள்ள காசு) ஒன்று, இந்த மாதம் பத்தடி தள்ளி அதே மாதிரி இன்னொன்று என்றால் பேசாமல் இருக்காதீர்கள்.

கெடு 14 நாள். சொல்ல வேண்டியது சாவு விசாரிக்கும் அதே கொரோனரிடம், நடைமுறையில் அந்த வட்டாரத்தில் கிடைக்கும் பழம்பொருட்களைப் பதிவு செய்யும் ஃபைண்ட்ஸ் லியேசன் ஆபீசர் வழியாக. அவர் விடுப்பில் இருப்பார், போன் வாய்ஸ்மெயிலுக்குப் போகும், நாள் ஓடிவிடும். சொல்லாமல் விட்டால் மூன்று மாதம் வரை சிறை, அபராதம். அதனால் போனை நம்பாமல் இருவருக்கும் படம், இடம், தேதியோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். காசை ஒப்படைக்கும்போது ரசீது வாங்காமல் நகராதீர்கள். மண்ணைத் தேய்த்துக் கழுவாதீர்கள், கீறல் விழுந்தால் மதிப்பு குறையும்.

அடுத்து நிலத்துக்காரர். குத்தகை விவசாயி சரி என்று தலையாட்டினால் மட்டும் போதாது, உரிமையாளரின் அனுமதி எழுத்தில் வேண்டும். அருங்காட்சியகம் புதையலை வாங்கினால் வரும் பணத்தில் உங்களுக்கும் நிலத்துக்காரருக்கும் வழக்கமான பங்கு பாதிக்குப் பாதி. அருங்காட்சியகம் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் காசு யாருக்கு என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். பேச்சளவில் விட்டுப் பின்னால் முகம் திருப்பிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

பணம் சீக்கிரம் வரும் என்று கடன் வாங்காதீர்கள். ச்யூ வேலியில் 2,584 பென்னிகள் கிடைத்தது 2019 ஜனவரியில். 43 லட்சம் பவுண்டுக்கு அவை வாங்கப்பட்டது 2024-இல். இத்தனை இழுத்தடிப்பை யாரும் நியாயப்படுத்த முடியாது. அதற்காக மறைத்து விற்கவும் வழியில்லை: லெம்ஸ்டர் அருகே 2015-இல் எடுத்த வைக்கிங் காலப் புதையலை அப்படிச் செய்தவர்கள் 2019-இல் சிறைக்குப் போனார்கள்.