இயற்கையின் உழைப்பு கணக்கேட்டில் ஏறும் விதம்

கிழக்குப் பிரான்சில் உள்ள வித்தெல் ஊற்றின் நீரைப் புட்டியில் அடைத்து விற்ற நிறுவனத்துக்கு 1980களில் ஒரு சிக்கல் எழுந்தது. ஊற்றுக்கு நீர் சேரும் நிலப்பரப்பில் புல்வெளிகள் சுருங்கி, கால்நடைத் தீவனத்துக்கான மக்காச்சோளம் பரவியிருந்தது. வயலில் இட்ட உரத்திலிருந்து நைட்ரேட் மழைநீரோடு மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரில் கலக்கத் தொடங்கியது. இயற்கைக் கனிம நீர் என்று விற்கப்படும் நீரிலிருந்து நைட்ரேட்டைப் பிரித்தெடுக்க அங்குள்ள சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே, நீரைத் தூய்மையாக வைக்கப் புல்வெளி கூலியின்றிச் செய்துவந்த வேலையைத் தக்கவைக்க, நிறுவனம் உழவர்களோடு பல ஆண்டுகள் பேசி, மக்காச்சோளத்தையும் வேதிப்பொருள்களையும் கைவிட்டுச் சாணத்தை மட்கவைத்து இடுவதற்கு நீண்டகால ஒப்பந்தங்களின்படி பணம் கொடுத்தது.

இயற்கை செய்யும் வேலையை இப்படிப் பணத்தால் மதிப்பிடுவதன் அடிப்படைக் கேள்வி எளியது: இயற்கை இந்த வேலையை நிறுத்திவிட்டால் அதை நாமே செய்ய எவ்வளவு செலவாகும்? நியூயார்க் நகரம் 1997இல் 600 கோடி டாலருக்கும் மேல் செலவாகக்கூடிய வடிகட்டும் ஆலையைத் தவிர்த்து, அதில் ஒரு சிறு பங்கிலேயே நீர்ப்பிடிப்பு மலைக்காடுகளைக் காக்க முடிவெடுத்ததும் இந்தக் கணக்கினால்தான்.

இயற்கை செய்யும் வேலையைப் போலவே, ஒரு நிறுவனம் இயற்கைக்கு இழைக்கும் சேதத்தையும் பணமாக எழுதலாம். இரண்டில் இதுவே துணிச்சலான கணக்கு என்பேன். விளையாட்டுக் காலணி தயாரிக்கும் பூமா நிறுவனம், 2010ஆம் ஆண்டில் தன் தொழிலால் காற்று, நீர், நிலம் ஆகியவற்றுக்கு நேர்ந்த இழப்பை 14.5 கோடி யூரோ என மதிப்பிட்டு வெளியிட்டது. அதில் அதன் சொந்த அலுவலகங்கள், கடைகள், கிடங்குகள் போன்றவற்றின் பங்கு வெறும் 6 விழுக்காடு. தோல், பருத்தி, ரப்பர் போன்ற மூலப்பொருள்களை விளைவிக்கும் இடங்களின் பங்கோ 57 விழுக்காடு. எங்கே திருத்த வேண்டும் என்பதைக் காட்டியதே அந்தக் கணக்கின் பெரும்பயன்.

ஆனால் இவ்வெண்கள் இயற்கையின் முழு மதிப்பு அல்ல. அதை இன்று பயன்படுத்துபவரின் தேவையை மட்டுமே அவை அளக்கின்றன. கோஸ்டாரிகாவில் காட்டுக்கு அருகிலிருந்த காப்பிச் செடிகள், தேனீக்களின் மகரந்தச் சேர்க்கையால் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாக விளைந்ததை ஆய்வாளர்கள் 2004இல் கண்டறிந்து, ஒரு தோட்டத்துக்கு மட்டும் அச்சேவை ஆண்டுக்கு 60,000 டாலர் பெறும் என்றனர். காப்பி விலை சரிந்ததும் அந்தத் தோட்டம் அன்னாசிக்கு மாறியது. அன்னாசிக்கு மகரந்தச் சேர்க்கை தேவையில்லை. எனவே காடும் தேனீக்களும் அப்படியே இருக்க, அந்தத் தோட்டத்தின் கணக்கில் அவற்றின் மதிப்பு சுழியமாகிவிட்டது.