திரையில் காணாமற்போன பதினொரு இரவுகள்

சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், உறக்க மூச்சுத்தடைக்காக, மாஸ்க் வழியே காற்றழுத்தம் தந்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சீபேப் கருவியை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துபவர், சில மாதங்களுக்கு முன் மருமகளுடன் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலுள்ள எங்கள் உறக்க ஆய்வகத்துக்கு வந்தார். மருமகள் தம் மடிக்கணினியைத் திறந்து, கருவியின் பதிவுகளைக் காட்டும் மென்பொருளில் பதினொரு நாட்கள் வெறுமையாகக் கிடந்த நாட்காட்டியைக் காட்டி, "மாமா இத்தனை நாளும் மாஸ்க்கைப் போடவே இல்லை, கேட்டால் போட்டேன் என்கிறார்" என்றார். "ஒரு ராத்திரிகூட விடவில்லையம்மா" என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். வீட்டில் இதைப் பற்றிப் பலமுறை பேச்சு நடந்து முடிந்திருந்தது என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது.

பெரியவர் சொன்னதுதான் உண்மை. கருவியின் எஸ்.டி. கார்டின் இடப்பக்க விளிம்பில் இருக்கும் சிறு பூட்டு, கணினியில் செருகி எடுத்த பிறகும் கீழே இறக்கியபடியே இருந்தது. பூட்டிய கார்டைக் கருவி படிக்கும்; ஆனால் அதில் எழுதாது. ‘கார்டு பூட்டப்பட்டுள்ளது’ என்று கருவித் திரையில் ஆங்கிலத்தில் வந்த அறிவிப்பை, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படுக்கும் அவர் ஒவ்வோர் இரவும் பொத்தானை அழுத்தி மறையச் செய்திருந்தார். பூட்டைத் திறந்து செருகியதும், கருவியின் உள்நினைவில் இருந்த சுருக்கத் தரவு, அதாவது பயன்படுத்திய மணி நேரமும், மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்று சொல்லும் ஏ.எச்.ஐ. எண்ணும், கார்டுக்கு வந்துவிட்டன. மூச்சுக்கு மூச்சு பதிவாகும் விரிவான அலைவரைவு மட்டும் அந்தப் பதினொரு இரவுகளுக்கும் இனி கிடைக்காது. அவருடைய கருவி வகையில் அதைத் தாங்கும் ஒரே இடம் அந்தக் கார்டுதான்.

நோயாளிகளின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியே எழுதுகிறேன். ஆனால் இப்படிப்பட்ட பிழை எங்களிடம் அடிக்கடி வருவது. திரையில் நாம் பார்க்கும் வரைபடம் கருவி, கார்டு, நகல், மென்பொருள் என்ற நான்கு இடங்களைக் கடந்து வருகிறது. இவற்றில் எங்கே அறுந்தாலும், பார்ப்பவருக்கு அது நோயாளியின் அலட்சியமாகவோ நோயின் தீவிரமாகவோ தோன்றிவிடுகிறது. ஆகவே மூச்சைப் பற்றி முடிவு செய்யுமுன் இந்தப் பாதையைச் சரிபார்க்க வேண்டும் என்பதைப் பயன்படுத்துவோருக்கும் அவர்களைப் பராமரிக்கும் பிள்ளைகளுக்கும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இங்குள்ள நம் குடும்பங்களில் பெரும்பாலோர் பயன்படுத்துவது ஆஸ்கர் என்னும் இலவச மென்பொருள். ஸ்லீப்பிஹெட் என்ற பழைய மென்பொருளின் வளர்ச்சி 2019இல் நின்றபின், அதன் மூலநிரலை எடுத்துத் தன்னார்வலர்கள் வளர்த்து வருவது இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளில் இயங்கும், கைப்பேசிக்கு இல்லை. இது நோயைக் கண்டறியும் கருவியன்று, கருவி எழுதியதை விரித்துக் காட்டும் சாளரம் மட்டுமே. மிக எளிய சில கருவிகள் பயன்படுத்திய நேரத்தை மட்டுமே எழுதும். அவற்றின் கார்டிலிருந்து எந்த மென்பொருளாலும் மூச்சலையை வரவழைக்க முடியாது. புதிதாக வந்த சில கருவிகளோ தரவைக் குறியாக்கம் செய்து எழுதுவதால், பழைய மென்பொருள் பதிப்பில் அவை திறக்கமாட்டா. ஆகவே ‘தரவு எதுவும் இல்லை’ என்று வந்தால், முதலில் கருவியின் மாதிரி எண்ணையும் மென்பொருளின் பதிப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கார்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் சிக்கல்களில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது. மேக் கணினியில் செருகிய உடனே, தேடலுக்கான மறைகோப்புகளை அது தானாகவே கார்டில் எழுதிவிடும். சில கருவிகள் அந்த அந்நியக் கோப்புகளைக் கண்டு கார்டில் பிழை என்று அறிவித்துப் பதிவை நிறுத்திவிடுகின்றன. இதைத் தவிர்க்கத்தான், கணினியில் செருகுமுன் கார்டைப் பூட்டச் சொல்கிறோம். பெரியவரின் வீட்டில் நடந்தது போல, திரும்பச் செருகும்போது திறக்க மறப்பது அதன் மறுபக்கம். விண்டோஸ் கணினி, ‘இந்த வட்டை ஃபார்மட் செய்யவா’ என்று கேட்டால் ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். வேறு கணினியில் செருகிப் பார்த்து, கிடைத்ததை நகலெடுத்துக்கொண்ட பிறகே அடுத்த முடிவு.

நகலெடுப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. ரெஸ்மெட் நிறுவனக் கருவிகளின் கார்டில் ‘டேட்டாலாக்’ என்ற கோப்புறை பெரிதாகத் தெரிவதால், அதை மட்டும் பென்டிரைவில் போட்டு எடுத்து வருகிறார்கள். நாள்வாரிச் சுருக்கத்தைத் தாங்கும் ‘எஸ்.டி.ஆர்.’ கோப்பும், கருவியின் அடையாளக் கோப்பும் அதற்கு வெளியே, கார்டின் முதல் நிலையில் இருக்கின்றன. அவை இல்லாமல் ஆஸ்கர் அந்தக் கோப்புறையை ஏற்காது. கார்டில் உள்ள அனைத்தையும் அப்படியே நகலெடுங்கள். இறக்குமதி செய்யும்போதும் உள்ளே இருக்கும் கோப்புறையை விட்டுவிட்டுக் கார்டையே தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது தேதிக் குழப்பம். கருவிக்கு ஒரு நாள் என்பது நண்பகல் பன்னிரண்டு மணி முதல் மறுநாள் நண்பகல் வரை. 12ஆம் தேதி இரவு படுத்து 13ஆம் தேதி காலை எழுந்தவரின் பதிவு 12இன் கீழ்தான் இருக்கும். 13இல் தேடினால் வெறுமைதான். இரவுப் பணி பார்ப்போருக்கு இது இன்னும் கடினம். டர்பனையடுத்த ஃபீனிக்ஸில் வசிக்கும் செவிலியர் ஒருவர் காலை ஒன்பது மணிக்குப் படுத்துப் பிற்பகல் மூன்றுக்கு எழுபவர். அவருடைய ஆறு மணி நேர உறக்கம் நண்பகலில் இரண்டாக வெட்டுண்டு, ஒவ்வொரு பாதியும் ஒவ்வொரு தேதியில் விழுந்தது. இரவுப் பணிச் சுற்றின் முதல் தேதியிலும் கடைசித் தேதியிலும் மூன்று மணி நேரமே தெரிந்ததைப் பார்த்தவர்கள், அவ்வளவுதான் பயன்படுத்துகிறார் என்று எண்ணிவிட்டார்கள். நாள் பிரியும் நேரத்தை மாற்ற ஆஸ்கரில் வழி உண்டு. ஆனால் ரெஸ்மெட் கருவிகளுக்கு அது நண்பகலிலேயே பூட்டப்பட்டிருக்கும், ஏனெனில் கருவி தன் சுருக்கத்தையே அப்படித்தான் எழுதுகிறது. அந்த அக்காவுக்காக நான் அடுத்தடுத்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துத் தொடர்ந்து படிக்கிறேன். வேறு வழி எனக்குத் தெரிந்தவரை இல்லை.

தென்னாப்பிரிக்காவில் வாழும் நமக்கென்றே ஒரு காரணமும் சேர்ந்துகொள்கிறது, அதுதான் லோட்ஷெடிங். 2022, 2023ஆம் ஆண்டுகளில் ஆறாம் கட்டம் வரை சென்ற மின்வெட்டு, ஓர் இரவைப் பல துண்டுகளாக வெட்டிப்போட்டது. அந்த ஆண்டுகளின் வரைபடங்களை இன்றும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் சட்டென்று நின்றால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு முடிவுறாமல் போய்விடக்கூடும். மேலும் குறிப்பிட்ட நிமிடங்களுக்குக் குறைவான பதிவுகளை ஒதுக்கிவிடும் ஒரு விருப்பத் தெரிவு ஆஸ்கரில் இருக்கிறது. துண்டு துண்டான இரவுகளில் சிறு துண்டுகள் அதனால் மறைந்துபோகும். அந்த எண்ணைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள்.

இங்கே ஒரு பெரிய ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. ஏ.எச்.ஐ. என்பது மாஸ்க் அணிந்திருந்த ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது அல்லது குறைந்தது என்ற கணக்கு. ஐந்துக்குக் கீழ் இருந்தால் நாம் மகிழ்கிறோம். ஏழு மணி நேர உறக்கத்தில் கருவி மூன்று மணி நேரமே ஓடி, எண் இரண்டு என்று வந்தால், எஞ்சிய நான்கு மணி நேரம் சிகிச்சையும் இல்லை, கணக்கும் இல்லை. பச்சையாகத் தெரியும் அந்த எண்ணைப் பார்த்து ஒருவரும் நிம்மதியடையக் கூடாது. பேட்டரி வைத்திருப்போர், ஈரப்பதமூட்டியையும் சூடேறும் குழாயையும் அணைத்துவிட்டால் அது கணிசமாக அதிக நேரம் தாங்கும்.

பாதை சரியாக இருந்தும் எண் உயர்ந்திருந்தால், முதலில் கசிவு வரைபடத்தைப் பார்ப்பது என் வழக்கம். ரெஸ்மெட் கருவிகள் மாஸ்க்கின் துளைகள் வழியே வெளியேற வேண்டிய காற்றைக் கழித்துவிட்டு, தேவையற்ற கசிவை மட்டுமே காட்டும். நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அது பெருங்கசிவு. பிலிப்ஸ் கருவிகள் மொத்தக் கசிவை எழுதுவதால், துளைகள் வழியே வெளியேற வேண்டிய பகுதியை மென்பொருளே மதிப்பிட்டுக் கழிக்கிறது. இரண்டு வகைக் கருவியின் கசிவு எண்களையும் ஒன்றுக்கொன்று ஒப்பிடுவது பொருந்தாது. கருவி அமைப்பில் மூக்கு மாஸ்க் என்று குறித்துவிட்டு முழுமுக மாஸ்க்கை அணிந்தாலும் கணக்கு பிசகும்.

ஜோகன்னஸ்பர்க்கில் பணிபுரியும் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர், எண் ஒன்பது என்று வந்ததைப் பார்த்துத் தாமாகவே அழுத்தத்தை இரண்டு முறை கூட்டிவிட்டார். அவருடைய மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு தேய்ந்திருந்தது. அழுத்தம் கூடக் கூடக் கசிவும் கூடியது. கசிவு கூடியதும் உறக்கம் கலைந்தது. கலைந்த உறக்கத்தில் புரண்டு மூச்சை அடக்கிய கணங்களையும் கருவி மூச்சு நிறுத்தமாகவே எழுதியது. காற்றுப்பாதை திறந்திருந்தும் மூச்சு எழாத நிறுத்தங்களும் கூடியிருந்தன, சிலருக்கு அழுத்தம் மிகும்போது இப்படி நேர்வதுண்டு. விளிம்பை மாற்றி, பழைய அழுத்தத்துக்கு மருத்துவர் திருப்பிய பிறகு எண் மூன்றுக்கு வந்தது. இதற்காகவே, அழுத்தத்தைத் தாமாக மாற்ற வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மென்பொருளே திறக்காமல் நின்றாலோ வரைபடம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தாலோ, பழைய மடிக்கணினிகளில் வரைகலை இயக்கி காரணமாக இருக்கலாம். விருப்பத் தெரிவுகளில் மென்பொருள்வழி வரைகலையைத் தேர்ந்து மீண்டும் திறந்து பாருங்கள். ஆவணக் கோப்புறை இணையச் சேமிப்புடன் ஒத்திசைந்தால் தரவு சிதையவும் வாய்ப்புண்டு. ஆஸ்கரின் தரவை அதற்கு வெளியே வைப்பது நல்லது. தரவை மறுபடி கட்டும் கட்டளையை, கார்டின் காப்பு நகல் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே கொடுங்கள்.

மென்பொருள் திரையைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்புமுன் பெயரும் கருவியின் வரிசை எண்ணும் தெரிகின்றனவா என்று பாருங்கள். உடல்நலத் தகவலை இந்நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தனிக்கவனத்துக்குரியதாகவே கருதுகிறது.

அந்த மருமகள் அடுத்த மாதம் வந்தபோது, கருவிக்குப் பக்கத்தில் அட்டையொன்று ஒட்டியிருப்பதாகச் சொன்னார். கார்டைத் திரும்பச் செருகுமுன் பூட்டு மேலே இருக்கிறதா, செருகிய பின் திரையில் கார்டின் அடையாளம் வருகிறதா என்ற இரண்டு வரிகளைத் தமிழில், மாமனார் கண்ணாடியில்லாமலே படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் அதில் எழுதியிருக்கிறாராம்.